நம் குழந்தைகளின் உணவும் விளையாட்டும்

கூட்டுறவுச் சங்கம் என்பது கடன் கொடுத்து வாங்குவதற்கும், விளைபொருளையும் நெய்த துணியையும் விற்றுத் தருவதற்கும் மட்டும் ஏற்பட்டதன்று. அங்கத்தினர்களின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்துவதே அதன் முடிவான நோக்கமாகும். வாழ்க்கைத் தரம் என்று சொன்னவுடன் காரை வீடு, மின்விளக்கு, இருசக்கர வண்டி ஆகியவை நினைவுக்கு வருகின்றன. அவ்வீட்டில் வளரும் குழந்தை வயதுக்கேற்ற உயரமும் எடையும் உடையதா என்று கணக்குப் பார்ப்போர் சிலரே. சங்கத்துப் பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் இரவெல்லாம் விழித்துத் தேடும் காரியதரிசிகள் உண்டு. குழந்தையின் உடலில் ஆண்டுக்கணக்கில் விழும் பற்றாக்குறையைத் தேடுவார் யார்?

இப்பற்றாக்குறை கற்பனையன்று. 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 100-க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுள் 100-க்கு 57 பேர் இரத்தச்சோகை உடையவர்கள். அதே கணக்கெடுப்பில் 100-க்கு 4 பேர் மிகை எடை உடையவர்களாகவும் காணப்பட்டனர். ஒரு தெருவில் ஒரு குழந்தை மெலிந்தும் மற்றொன்று ஊதியும் வளர்வது இன்று புதுமையன்று. இவை எதிர் எதிரானவை போலத் தோன்றினும், தட்டில் எதை இடுகிறோம், மாலைப் பொழுதை எவ்வாறு கழிக்க விடுகிறோம் என்னும் இரண்டு பழக்கங்களோடு இரண்டுமே தொடர்புடையவை. ஆகவே இப்பழக்கங்களைப் பற்றி நம் கரிசல் சீமைக்குப் பொருந்துமாறு சில செய்திகளை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

எட்டயபுரம் காட்டிய வழி

பிள்ளைகளின் பசியைப் பொதுக் காரியமாகக் கருதிய பெருமை நம் வட்டாரத்துக்கு உண்டு. சென்னை மாநகராட்சி 1920-ஆம் ஆண்டிலேயே, பிட்டி தியாகராயர் தலைவராயிருந்த காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. எனினும் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவுத் திட்டம் 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசரால் தொடங்கப்பட்டது நம் எட்டயபுரத்திலேதான். அவரும் கரிசல் மண்ணாகிய விருதுநகரிற் பிறந்தவரே. வயிற்றுப் பசியுடன் வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அவர் நூலிற் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். கல்வித் துறையின் தலைவராக அப்போது விளங்கிய நெ. து. சுந்தரவடிவேலு அத்திட்டத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றார்.

கூட்டுறவாளர்கள் சிறப்பாகக் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. அத்திட்டம் தொடக்கத்தில் ஊராரின் நன்கொடையை நம்பியே நடந்தது. தானியம் உள்ளவர் தானியமும், விறகு உள்ளவர் விறகும், காய்கறி உள்ளவர் காய்கறியும் தந்தனர். அரசாங்கம் பின்னர் செலவில் பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து ஒருவராலும் தனித்துச் செய்ய இயலாததைச் செய்து முடிப்பதே கூட்டுறவு என்றால், அன்று பள்ளிக்கூடத்து அடுப்பில் எரிந்ததும் கூட்டுறவே.

அதன் பின்னர் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-இல் முதலமைச்சர் மு. கருணாநிதியின் காலத்தில் முட்டை சேர்க்கப்பட்டது. முதலில் இரு வாரங்களுக்கு ஒன்றாயிருந்தது 2010-இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2001-இல் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு அளிக்க வேண்டுமென்று ஆணையிட்டது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது மாநிலமெங்கும் அரசாங்கத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவாயிற்று. உப்புமா, கிச்சடி, பொங்கல் முதலியவை சாம்பாருடன் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தரப்படுகின்றன.

பள்ளியின் பங்கும் வீட்டின் பங்கும்

இத்துணை ஏற்பாடுகள் இருக்க, பெற்றோர் கவலைப்பட என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். கணக்குப் பார்த்தால் விடை கிடைக்கும். ஓராண்டில் பள்ளி நடக்கும் நாட்கள் ஏறக்குறைய 210 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய 155 நாட்களும் குழந்தை உண்பது வீட்டுச் சோறே. பள்ளி நாட்களிலும் இரவு உணவு வீட்டைச் சார்ந்தது. ஐந்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளைக்குக் காலை உணவும் வீட்டைச் சார்ந்தது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு நீங்கலாக, எல்லாமே வீட்டைச் சார்ந்தவை. பள்ளி ஒரு கை கொடுக்கிறது. மறு கை வீட்டினுடையது. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

வீட்டின் கை சோர்ந்திருக்கும் இடங்கள் சில உண்டு. காலையில் கடுங்காப்பியும் இரண்டு வர்க்கியும் தந்து பிள்ளையை அனுப்புவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. தறி வீடுகளில் தாயும் தந்தையும் விடியுமுன் வேலையில் இறங்கிவிடுவதால், பிள்ளை கையில் காசைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவது எளிதாகப் படுகிறது. காட்டு வேலைக் காலத்திலும் அவ்வாறே. இதிற் பெற்றோரின் அன்புக் குறைவு ஒன்றுமில்லை. நேரக் குறைவே உண்டு. ஆயினும் வயிற்றுக்கு இந்த வேற்றுமை தெரியாது.

விளைச்சல் போகும் வழி

மணியாச்சியைச் சுற்றியுள்ள வானம் பார்த்த பூமியில் முன்பு கம்பும் சோளமும் குதிரைவாலியும் வீட்டுக்கென்று விதைக்கப்பட்டன. பருத்தியும் மிளகாயும் காசுக்கென்று விதைக்கப்பட்டன. இப்பொழுது கரிசலின் பெரும்பகுதியை மக்காச்சோளம் பிடித்துக்கொண்டது. அது விலை போகும் பயிர். லாரி ஏறிப் போய் நாமக்கல் முதலிய ஊர்களிற் கோழித் தீவனமாகிறது. அங்கே கோழி இட்ட முட்டை மீண்டும் லாரி ஏறி நம் ஊர்ப் பள்ளியின் சத்துணவுத் தட்டுக்கு வருகிறது. இச்சுற்றில் தவறு ஒன்றுமில்லை. ஆனால் விளைவித்தவன் வீட்டு அடுக்களையில் கம்பு இருந்த இடம் காலியாயிற்று என்பதையும் காண வேண்டும். அவ்விடத்தை நிரப்பியது தீட்டிய அரிசி ஒன்றே.

அரிசி மட்டும் உண்பதன் விளைவு என்ன என்பதை நம் மாகாணத்திலேயே ஆராய்ந்து கண்டனர். 1918-ஆம் ஆண்டில் குன்னூரில் ஓர் அறையில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அவர் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிக்குட்டிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட பஞ்சாபிச் சீக்கியர் உணவில் வளர்ந்தவை நன்கு பருத்தன. தீட்டிய அரிசியை மிகுதியாகவும் மற்றவற்றைச் சிறிதாகவும் கொண்ட சென்னை மாகாணத்து உணவில் வளர்ந்தவை அவற்றினும் மிகக் குறைந்த எடையே பெற்றன. அரிசி கெடுதல் என்பது இதன் பொருளன்று. அரிசி மட்டும் போதாது என்பதே பொருள்.

பாலின் செய்தியும் இவ்வாறே. பால் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றும் பாலில் கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் எவ்வளவு என்று அளந்து விலை தருகிறோம். வீட்டில் எவ்வளவு நிறுத்தினார்கள் என்று எந்தப் பதிவேடும் கேட்பதில்லை. கறவை இருந்தும் பால் முழுவதும் சங்கத்துக்குப் போய், குழந்தை கடுங்காப்பி குடிக்கும் வீடுகள் உண்டு. கடன் தவணையும் தீவனச் செலவும் அவ்வாறு செய்யத் தூண்டுகின்றன என்பதை நாம் அறிவோம். எனினும் ஓர் உதாரணம் காண்க. ஒரு வீட்டில் நாளொன்றுக்கு ஆறு லிட்டர் பால் கறக்கிறது. இரண்டு குழந்தைகள் உள்ளனர். தலைக்குக் கால் லிட்டர் நிறுத்தினால் அரை லிட்டராகும். அது மொத்தப் பாலில் பன்னிரண்டில் ஒரு பங்கு. பதினொரு பங்கு சங்கத்துக்கும் ஒரு பங்கு குழந்தைகளுக்கும் என்று வகுத்துக்கொண்டால் சங்கமும் நலியாது, குழந்தையும் நலியாது. பாலுக்குச் சொன்னதே உளுந்துக்கும், பயற்றுக்கும், நிலக்கடலைக்கும், வீட்டுக் கோழி முட்டைக்கும் பொருந்தும். தை மாசியில் களத்தில் தானியம் அளக்கும்போதே விதைக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறோம் அல்லவா? பிள்ளைகளுக்கும் அவ்வாறே ஒரு பங்கு எடுத்து வைத்த பின்னரே மூட்டை தைக்க வேண்டும்.

தட்டில் இருக்க வேண்டுவன

உணவுப் பொருள்களை எளிதாக மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். உழைக்கவும் ஓடவும் ஆற்றல் தருபவை முதல் வகை. அரிசி, கம்பு, சோளம், எண்ணெய் ஆகியவை இதில் அடங்கும். உடலைக் கட்டுபவை இரண்டாம் வகை. பருப்பு, பயறு, கடலை, பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவை. நோயினின்று காப்பவை மூன்றாம் வகை. கீரை, காய், பழம் ஆகியவை. ஒவ்வொரு வேளையிலும் இம்மூன்றும் சிறிதளவேனும் இருத்தல் நலம். நம் வீடுகளில் முதல் வகை மிகுந்தும் மற்ற இரண்டும் குறைந்தும் காணப்படுகின்றன.

ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 23 கிராம் புரதம் வேண்டுமென்று ஊட்டச்சத்து நிறுவனம் கணித்துள்ளது. இதைப் பெறுவது கடினமன்று. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். 200 மில்லி பாலில் 6 கிராம். 30 கிராம் பயற்றில் 7 கிராம். 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம். ஆக 26 கிராம் ஆகிறது. முட்டையைப் பள்ளி தருகிறது. மற்ற மூன்றும் நம் நிலத்திலும் தொழுவத்திலும் உள்ளன. மேலும், தானியத்தின் புரதத்தில் குறைவாயுள்ள கூறு பயற்றில் மிகுதி; பயற்றில் குறைந்தது தானியத்தில் உண்டு. ஆகையால் சோறும் பருப்பும், கம்பும் தட்டப்பயறும் சேர்த்து உண்பது ஒன்றுக்கொன்று துணையாகிறது. நம் முன்னோர் இதை ஆராய்ச்சி இல்லாமலே கையாண்டனர்.

இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கிய காரணம். கம்பில் தீட்டிய அரிசியைக் காட்டிலும் இரும்புச்சத்து மிகுதி. முருங்கைக் கீரையிலும் பயறு வகைகளிலும் அது உண்டு. ஆனால் உணவோடும் உணவு உண்டவுடனும் காப்பியோ தேநீரோ குடித்தால் உடல் இரும்புச்சத்தைச் சரிவர ஏற்றுக்கொள்ளாது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றை உடன் உண்டால் மிகுதியாக ஏற்றுக்கொள்ளும். கம்மஞ்சோற்றுக்கு நெல்லிக்காய் ஊறுகாய் இட்டு, காப்பியை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. குடற்புழுக்களும் இரத்தத்தைக் குறைப்பதால், ஆண்டுக்கு இருமுறை பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் புழு நீக்க மாத்திரையைத் தவறவிடலாகாது. கழிப்பறைக்குச் சென்று வந்த பின்னும், உண்ணுமுன்னும் சோப்பினாற் கை கழுவுவதும், வெளியிற் செல்லும்போது செருப்பணிவதும் இதனுடன் சேர்ந்தவை.

எலும்புக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் உண்டு. அதே அளவு பாலில் 120 மில்லிகிராம். அரிசியில் 10 மில்லிகிராம் அளவே. பால் இல்லாத வீட்டுக்குக் கேழ்வரகுக் கூழ் ஒரு நல்ல துணை.

காய்கறி விலை ஏறிவிட்டது என்பது உண்மை. ஆனால் மழை பெய்தவுடன் கரிசற்காட்டில் தானே முளைக்கும் தொய்யக்கீரைக்கு விலை இல்லை. அதலைக்காய் நம் கரிசலின் தனிச் செல்வம். கசப்பானாலும் நல்லெண்ணெயில் வதக்கினால் சுவையுடையது. சீனியவரையும் வெள்ளரியும் ஊடுபயிராக விளைபவை. கொல்லையில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் வைத்தால் குளித்த நீரே அவற்றுக்குப் போதும்.

பொட்டலத் தின்பண்டங்கள்

இன்று எந்தச் சிற்றூர்ப் பெட்டிக்கடையிலும் வண்ண வண்ணப் பொட்டலங்கள் சரமாகத் தொங்குகின்றன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் மாவும் எண்ணெயும் உப்புமே மிகுதி. இனிப்புப் பானங்களில் நீரும் சர்க்கரையுமே உள்ளன. இவை வயிற்றை நிரப்பிப் பசியை அடக்கிவிடுகின்றன, உடலைக் கட்டுவதில்லை. மெலிந்த குழந்தை மேலும் சத்திழப்பதற்கும், பருத்த குழந்தை மேலும் பருப்பதற்கும் இவை காரணமாகும் விந்தை இதுவே. உணவால் வரும் ஆற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கலாகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ஆம் ஆண்டில் விதி செய்துள்ளது. பெற்றோர் இவ்விதியை அறிந்திருந்தால்தான் அது பயன்படும்.

தின்பண்டமே கூடாது என்று நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறினால் எந்தக் குழந்தையும் கேளாது. மாற்றுப் பண்டம் தர வேண்டும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை யாவரும் அறிவர். நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்த அப்பண்டத்தில் இனிப்பு உண்டெனினும் புரதமும் உண்டு. நாளுக்கு ஒரு துண்டு அளவோடு தரலாம். அவித்த கடலை, சுண்டல், பொரிகடலை, எள்ளுருண்டை, பனங்கிழங்கு, கோடையில் நுங்கு ஆகியவற்றுக்குப் பொட்டலப் பண்டத்தைவிடச் செலவும் மிகுதியன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கடலையை முழுதாகத் தராமல், மூச்சுக்குழலில் அடைக்காதவாறு பொடித்தே தர வேண்டும்.

பழக்கம் படியும் முறை

நல்லுணவு இன்னதென்று அறிவது எளிது. குழந்தையை உண்ணச் செய்வதே அரிது. புதிய உணவைக் குழந்தை முதல் முறை தள்ளிவிட்டால், அதற்குப் பிடிக்காது என்று தாய்மார் முடிவு கட்டிவிடுகின்றனர். பத்து முறை வரையிலும் அதற்கு மேலும் சிறிது சிறிதாகக் கண்ணிற் பட்டு நாவிற் பட்ட பின்னரே பல குழந்தைகள் ஓர் உணவை ஏற்கின்றன என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆகவே அடித்தும் மிரட்டியும் ஊட்டலாகாது. அதற்காக விட்டுவிடவும் ஆகாது. ஒரு கவளம் வைத்துப் பார்த்து, மீண்டும் நான்கு நாள் கழித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

கீரையைத் தின்றால் மிட்டாய் தருவேன் என்று சொல்வது, கீரை தண்டனை என்றும் மிட்டாய் பரிசு என்றும் குழந்தைக்குக் கற்பிப்பதாகும். தந்தை கீரையை ஒதுக்கிவிட்டு மகனைத் தின்னச் சொன்னால் மகன் தந்தையின் சொல்லைக் கேளான். தந்தையின் தட்டையே பார்ப்பான். நாளுக்கு ஒரு வேளையேனும் குடும்பத்தார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து உண்பது மிக்க பயனுடையது. அவ்வேளையில் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட வேண்டும். கைப்பேசியைக் காட்டி ஊட்டப்படும் குழந்தை எவ்வளவு உண்டோம் என்பதையே அறியாது. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேர உறக்கம் வேண்டும். உறக்கம் குறைந்தால் பசியின் ஒழுங்கும் படிப்பின் ஒழுங்கும் கெடும்.

விளையாட்டே உடற்பயிற்சி

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் எலும்பையும் தசையையும் உறுதிப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவித்தது. குதித்தலும் தாவுதலும் வளரும் எலும்பைக் கெட்டிப்படுத்துகின்றன. இதற்கென்று கருவிகள் வாங்க வேண்டுவதில்லை. கிளித்தட்டு, கபடி, பாண்டி, செல்லாங்குச்சி, கயிறு தாண்டுதல், சிலம்பம் ஆகிய அனைத்தும் இவ்விலக்கணத்துக்கு உட்பட்டவையே. முன்பு பிள்ளைகளை விளையாட்டிலிருந்து வீட்டுக்கு அழைப்பதே பெற்றோரின் வேலையாயிருந்தது. இன்று வீட்டிலிருந்து விளையாட்டுக்கு அனுப்புவது வேலையாகிவிட்டது.

நம் பக்கத்து வெயிலைக் கருதிக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நாலரை மணிக்குப் பின்னும் ஆட விடுவது நலம். குடிநீர் அருகில் இருக்க வேண்டும். கண்மாயிலும் கிணற்றிலும் நீந்தப் பழகுவது சிறந்த பயிற்சியே. ஆயினும் நீச்சல் அறிந்த பெரியவர் உடனிராமல் ஒருபோதும் விடலாகாது.

கோவில்பட்டி ஹாக்கி ஆட்டத்துக்குப் பேர்போன ஊர். அங்கு செயற்கைப் புல்தளமும், இலட்சுமி அம்மாள் நினைவாக ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்தியப் போட்டியும் உண்டு. அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ஆம் ஆண்டில் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் இந்திய அணியில் ஆடினார்; அவ்வணி வெண்கலப் பதக்கம் பெற்றது. எல்லாப் பிள்ளைகளும் அவ்வாறு ஆக வேண்டுமென்பதில்லை. ஆனால் நம் கரிசற்காட்டுப் பிள்ளைக்கு அது எட்டாத கனியும் அன்று.

பெண் குழந்தைகள்

இவ்விடத்து ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை ஒன்றே இருந்தால் அது மகனுக்கு. பால் சிறிதே இருந்தால் அதுவும் மகனுக்கு என்னும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் நிலவுகிறது. பெண் பூப்பெய்தியவுடன் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் தந்து போற்றுகிறோம். அது மிக நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பதினாறு நாள் போற்றுதல் ஆண்டு முழுவதும் நீள வேண்டும். மாதந்தோறும் இரத்தம் இழக்கும் பெண்ணுக்கே இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டலுக்கு அஞ்சி எறிந்துவிடும் சிறுமியர் உண்டு. உணவுக்குப் பின் விழுங்கச் சொல்ல வேண்டும். பருவமெய்தியதும் விளையாட்டை நிறுத்திவிடுவதும் தகாது. இன்றைய சிறுமி நாளைய தாய். அவள் இரத்தச்சோகையுடன் கருவுற்றால் எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகும். இவ்வாறு ஒரு தலைமுறையின் பற்றாக்குறை வட்டியுடன் அடுத்த தலைமுறையின் கணக்கில் ஏறுகிறது. கூட்டு வட்டியின் கொடுமையைக் கூட்டுறவாளர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இவை யாவும் வீட்டுக் காரியம், சங்கத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு, பெரும்பாலும் செலவில்லாத வேலை.

முதலாவது, இடம். வேளாண்மைச் சங்கங்களின் உலர்களம் அறுவடைக் காலம் நீங்கலாக மாலை வேளைகளில் வெறுமனே கிடக்கிறது. நெசவாளர் தெருவில் பாவு நீட்டும் இடம் காலைப் பொழுதுடன் ஓய்ந்துவிடுகிறது. நிர்வாகக் குழு தீர்மானம் செய்து, முள்ளும் கண்ணாடித் துண்டும் அகற்றி, மாலை இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். ஒரு நாள் சிறுவருக்கும் ஒரு நாள் சிறுமியருக்கும் என்று முறை வைத்தால் பெண் குழந்தைகளும் தயக்கமின்றி வருவர்.

இரண்டாவது, தராசு. சங்கத்துக் கிட்டங்கியில் மூட்டை நிறுக்கும் தராசு இருக்கிறது. ஆனால் குழந்தையை நிறுப்பதற்கு அங்கன்வாடியில் அதற்குரிய தராசும் வளர்ச்சி அட்டையும் உள்ளன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கத்தினர் வீட்டுக் குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்ல நினைவூட்டும் பொறுப்பைச் சங்கம் ஏற்கலாம். எடை குறைந்துகொண்டே வரும் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும். கீரையும் கடலையும் மருந்துக்கு ஈடாகா.

மூன்றாவது, சரக்கு. சங்கத்தின் விற்பனைப் பிரிவில் அங்கத்தினர் விளைவித்த கம்பு, குதிரைவாலி, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றை உமி நீக்கிச் சுத்தம் செய்து சிறு பைகளில் அங்கத்தினருக்கே விற்கலாம். இடிக்கவும் புடைக்கவும் ஆளில்லை என்பதே இன்று சிறுதானியம் அடுக்களையை விட்டு நீங்கியதற்கு ஒரு காரணம். தறியில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு உமி நீக்கிய குதிரைவாலி கைக்கெட்டினால் அவள் சமைக்க மறுக்கமாட்டாள். உழுபவனின் தானியம் நெய்பவன் வீட்டுக்கும், நெய்பவனின் துணி உழுபவன் வீட்டுக்கும் செல்வதே நம் இயக்கத்தின் அழகு.

நான்காவது, நிதி. நிகர லாபம் ஈட்டும் சங்கங்கள் சட்டமும் துணைவிதிகளும் அனுமதிக்கும் அளவில் பொதுநல நிதிக்கு ஒதுக்க இடமுண்டு. பேரவைக் கூட்டத்தின் ஒப்புதலுடன் அதிலிருந்து ஒரு பந்து, ஒரு வலை, சில கயிறுகள் வாங்குவது பெருஞ்செலவன்று.

ஆண்டுதோறும் நவம்பர் 14-ஆம் நாள் கூட்டுறவு வாரம் தொடங்குகிறது. குழந்தைகள் தினமும் அதுவே. கொடியேற்றி, உறுதிமொழி எடுத்து, சொற்பொழிவு கேட்டுக் கலைவதோடு இவ்வாண்டு நின்றுவிடாமல், அன்று மாலை உலர்களத்தில் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயமும் கிளித்தட்டும் நடத்தி, வந்தவர்க்கெல்லாம் கம்பு உருண்டையும் சுண்டலும் வழங்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம். மழைக் காலமாதலால் களம் ஈரமாயிருந்தால் கிட்டங்கியின் தாழ்வாரம் இருக்கவே இருக்கிறது.

மழை தவறினால் பயிர் காயும்; அடுத்த புரட்டாசியில் மீண்டும் விதைக்கலாம். குழந்தையின் வளரும் பருவம் அத்தகையதன்று. அப்பட்டம் ஒருமுறையே வரும். அதைத் தவறவிடாது பயன்படுத்துவது பெற்றோரின் கடமை. துணை நிற்பது சங்கத்தின் கடமை.